பெரிய சாரின் செருப்பு

“பெரிய சார் செருப்ப எவன்டா எடுத்தது?”

கிரேசி டீச்சர் கேட்டதும் எட்டாம் வகுப்பு கப்சிப் ஆனது. தலைமையாசிரியை அறை வாசலில் கிடக்கும் கறுப்புத் தோல் செருப்பை திங்கட்கிழமையிலிருந்து காணோம். இன்று வியாழன்.

கடைசி பெஞ்சில் செம்பியன் எழுந்தான். “எது காணாமப் போனாலும் என் மூஞ்சியத்தான் பாக்கறீங்க.”

“போன வாரம் என் சைக்கிள் காத்தப் புடுங்கி வுட்டது யாரு?”

“அது நான்தான். இது நான் இல்ல டீச்சர்.”

வகுப்பு சிரித்தது. முதல் பெஞ்சில் ஸ்ரீமதி மட்டும் சிரிக்கவில்லை. முதல் பீரியடிலேயே தலை கவிழ்ந்து தூங்கிவிடும் பெண், இந்த வாரம் என்னவோ கண் தெளிந்து உட்கார்ந்திருந்தாள். அதை நினைத்துப் பார்க்கக்கூட கிரேசிக்குத் தெம்பில்லை. நாலு நாளாகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

இடைவேளையில் தலைமையாசிரியை சௌந்தரம் கிரேசியை அறைக்குள் கூப்பிட்டாள். “நாளைக்கு செம்பியனோட அம்மா வருது. டி.சி. குடுத்து அனுப்பிடறேன்.”

“ஒரு செருப்புக்கா மேடம்?”

“செருப்புக்கில்ல கிரேசி. உள்ள சாரே இல்லன்னு கண்டுபுடிச்சிருக்கான். ஊரெல்லாம் சொல்லிட்டான்னா, நாம ஏழு பொம்பளைங்க இந்தப் பசங்கள எப்புடி மேய்க்கிறது?”

பெரிய சார் என்று ஒருவர் எப்போதும் இருந்ததில்லை. பள்ளியில் இருந்த ஒரே ஆண் வாத்தியார் ஜூன் மாதம் மாறுதல் வாங்கிக்கொண்டு மங்கலம்பேட்டைக்குப் போய்விட்டார். மறுநாளே வகுப்பில் விசில் பறந்தது.

அறைக்குள் போகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். அதை வைத்துத்தான் சௌந்தரத்துக்கு அந்த யோசனை வந்தது. கிரேசி தன் வீட்டுக்காரரின் பழைய செருப்பைக் கொண்டுவந்து போட்டாள். கடலூர் ஆபீசிலிருந்து ஒரு பெரிய சார் வந்து உள்ளே எழுதிக்கொண்டிருக்கிறார் என்று கதை கட்டினார்கள்.

இத்தனை வருடம் பாடம் நடத்திய கிரேசிக்கு அடங்காத பையன்கள், ஆளில்லாத செருப்புக்கு அடங்கினார்கள். “சார்கிட்ட சொல்லிடுவேன்” என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் தனக்குள் ஏதோ தேய்வது அவளுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னாள். சொன்னால்தான் பாடம் நடந்தது. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் செருப்பை உள்ளே எடுத்துவைக்க மறந்ததும் அவள்தான்.

டி.சி. வாங்கினால் செம்பியன் வேறு பள்ளிக்கெல்லாம் போகமாட்டான். மறுநாளே மாமாவோடு மீன்பிடிக்கப் படகேறிவிடுவான்.

வெள்ளிக்கிழமை காலை அவன் அம்மா மீன்கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு நின்றாள். “செருப்பையா திருடுனான்? இவன் காலுக்கு அது படகாட்டம் இருக்குமே டீச்சரம்மா.”

கிரேசி அறைப் பக்கம் திரும்பினாள். மூடிய கதவுக்குப் பின்னால் சௌந்தரம் டி.சி. எழுத உட்கார்ந்திருந்தாள்.

அப்போது ஸ்ரீமதி ஒரு மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். “செம்பியன் எடுக்கல டீச்சர். நான்தான்.”

பைக்குள் அந்தச் செருப்பு இருந்தது. துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தாள்.

“நீயா? ஆம்பள செருப்ப வச்சிக்கினு நீ இன்னாடி பண்ண?”

“ராவுல வூட்டு வாசல்ல போட்டு வச்சிருந்தோம் டீச்சர். அம்மாவும் நானும் இப்பத்தான் ராவுல தூங்கறோம்.”

கிரேசிக்குப் புரிவதற்குள் பழக்கதோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. “பெரிய சார் தேடுவாருன்னு பயமே இல்லியா ஒனக்கு?”

ஸ்ரீமதி மூடியிருந்த அறைக்கதவைப் பார்த்தாள். பிறகு, செம்பியனின் அம்மா காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னாள்.

“எங்க வூட்லயும் ஆம்பள இல்ல டீச்சர்.”