ஒட்டுத் தையல்

வக்கீலம்மா இரண்டு தாள்களையும் மேசைமேல் தள்ளித் தள்ளி வைத்தார். “கடனை அடைச்சா வீட்டைத் திருப்பித் தருவேன்னு அவர் கிரயப் பத்திரத்துக்குள்ளேயே எழுதியிருந்தா அது அடமானம். கெடு தாண்டினாலும் மீட்கலாம். தனித்தாள்ல எழுதினதால நீங்க வித்ததாத்தான் ஆகுது.”

“ரெண்டும் ஒரே நாள் எழுதினதும்மா. ஒரே பேனா,” என்றார் டெய்லர் மரியசூசை. வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் சூசை மெஷினில் வெள்ளை நூல் கோத்தார். இரண்டு தாள்களின் விளிம்பையும் சேர்த்துப் பிடித்து, மாப்பிள்ளைச் சட்டைக்குப் போடுவதுபோல் பொடித்தையலாக மெல்ல ஓட்டினார். மனைவியிடம் நீட்டினார். அவள் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, தையலை விரலால் தடவினாள்.

“ஒட்டே தெரியலீங்க,” என்றாள். பிறகு, சாக்கின் வாயைத் தைக்க மிச்ச நூலைக் கேட்டாள்.