அடுத்த வாய்

“இவளைக் கூட்டிக்கொண்டு போங்கோ அக்கா. எனக்கு ஏலாது.”

ஓட்டோவிலிருந்து இறங்கிய அமராவதி இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே தனுஷா சொல்லிவிட்டாள்.

அமராவதி சிறுவர் இல்லத்தின் பொறுப்பாளர். தனுஷாவும் கணவன் கிருபனும் பிள்ளை தத்தெடுப்பதற்காக டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள். கிளிநொச்சியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, இரண்டு வயது அபிசாவோடு பழகிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளை ஒட்டிக்கொண்டாள் என்று தெரிந்தால்தான் நீதிமன்றம் சம்மதிக்கும். தவணை வருகிற வெள்ளிக்கிழமை.

“என்ன நடந்தது?” என்றாள் அமராவதி.

“சோறு தின்னுறாளில்ல. ஒரு வாய் வாங்குவாள். பிறகு வாயை இறுக்கி மூடிப்போடுவாள். வந்த நாளிலயிருந்து பாலைக் குடிச்சுப்போட்டுக் கிடக்கிறாள். காகத்தைக் காட்டியாச்சு, போனைக் காட்டியாச்சு, இவர் ஆடியும் காட்டியாச்சு.”

“ரண்டு தரம் ஆடினனான்,” என்றது உள்ளிருந்து கிருபனின் குரல்.

“நீங்கள் பேசாமல் இருங்கோ.”

“என்ன கறி குடுத்தனீங்கள்?” என்று கேட்டாள் அமராவதி.

“பருப்பு, பூசணி, முள்ளெடுத்த இரணைமடுக் குளத்து மீன். உறைப்போடயும் குடுத்தாச்சு, உறைப்பில்லாமலும் குடுத்தாச்சு.”

“எங்கட பிள்ளையளுக்க இவள்தான் நல்லாச் சாப்பிடுறவள்.”

“அப்ப என்ர கையிலதான் பிழையோ?”

“நான் அப்பிடிச் சொன்னனானோ?”

“வேற எப்பிடிச் சொல்லுறது?”

அமராவதிக்கும் பொறுமை போனது. “தங்கச்சி, நாங்கள் கடை நடத்தேல்ல. பிடிக்கேல்லயெண்டு மாத்தித் தர இவள் சீலையில்ல.”

அந்த நேரம் பார்த்து அறைக்குள்ளிருந்து ஓடிவந்த அபிசா, அமராவதியின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

“பாத்தியளே! என்ர காலை ஒரு நாளாவது இப்பிடிப் பிடிச்சிருப்பாளோ?” தனுஷாவின் குரல் உடைந்தது. “எனக்குப் பிள்ளையில ஆசை இல்லையெண்டு நினைக்காதேங்கோ. இவளுக்குத்தான் என்னைப் பிடிக்கேல்ல.”

“சரி, ஒருக்கா எனக்கு முன்னால ஊட்டுங்கோ பாப்பம்.”

தனுஷா தட்டில் சோறு போட்டு, கறிகளைச் சேர்த்துக் குழைத்தாள். அபிசா வந்து சம்மணமிட்டு ஒழுங்காக உட்கார்ந்தாள். முதல் உருண்டையை வாயில் வாங்கினாள். மென்றாள். விழுங்கினாள். வாயை மூடிக்கொண்டாள்.

“இனித் திறக்கமாட்டாள். பாருங்கோ அந்தப் பார்வையை! வேணுமெண்டு செய்யிறாள்.”

அமராவதி தட்டை வாங்கி, தானே ஓர் உருண்டை நீட்டினாள். “ஆ… காட்டு என்ர செல்லம்.”

வாய் திறக்கவில்லை.

அமராவதியின் முகம் சிறுத்தது. தனுஷாவுக்கு உள்ளூர ஒரு சின்ன ஆறுதல்.

“இப்ப சொல்லுங்கோ அக்கா, ஆரின்ர கையில பிழை?”

அமராவதி தட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

கிருபன் வந்து நிலத்தில் தொப்பென்று இருந்தான். “எனக்குப் பசிக்குது. இவள் தின்னாட்டி நான் தின்னுறன்.” பிள்ளையின் தட்டிலிருந்தே ஒரு பிடி எடுத்து வாயில் போட்டான்.

“பிள்ளை பட்டினி கிடக்குது, உங்களுக்குச் சோறு இறங்குதோ?” தனுஷா வெடித்தாள். “இவள் சாப்பிடாமல் நான் ஒரு பருக்கை தொட்டிருப்பனோ?”

“நீர் வெறும் தேத்தண்ணியக் குடிச்சு நாளைக் கடத்துவீர். என்னால ஏலாது.”

“நீங்கள் சந்திக்கடையில கொத்துரொட்டி தின்னுறது எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறீங்களோ?”

கிருபன் வாய்க்குள் இருந்ததை மெதுவாக விழுங்கினான்.

அபிசா அவன் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து தனுஷாவிடம் போனாள். தட்டுக்குள் கையை விட்டுச் சோற்றை அள்ளி, தனுஷாவின் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள்.

“இப்ப முகத்தில பூச வாறாள்!” தனுஷா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். சோறு நிலத்தில் சிந்தியது.

பிள்ளை அழவில்லை. திரும்பவும் அள்ளினாள். திரும்பவும் நீட்டினாள்.

“ஆ…” என்றாள்.

“என்னக்கா செய்யிறாள் இவள்?”

அமராவதி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, இதைச் சொல்ல மறந்திட்டனே! இல்லத்தில எல்லாரும் ஒரு தட்டைச் சுத்தி இருப்பினம். ஆளுக்கொரு வாய். கடைசி வாய் ஊட்டுறவவுக்கு. அவவும் சாப்பிட்டாப் பிறகுதான் அடுத்த சுத்து. அதுக்கு முந்தி ஆரும் வாய் திறந்தா நாங்கள் ஏசுவம்.”

“நீங்கள் குடுத்தும் திறக்கேல்லயே?”

“நான் எங்க சாப்பிட்டனான்? ஒருத்தரும் சாப்பிடேல்ல. இப்ப தகப்பன் சாப்பிட்டிட்டார்.”

“அதுக்கு?”

அமராவதி குனிந்து, நிலத்தில் சிந்திய பருக்கைகளைப் பொறுக்கினாள்.

“இவள் சாப்பிடமாட்டனெண்டு அடம்பிடிக்கேல்ல, தங்கச்சி. தாய் இன்னும் சாப்பிடேல்லயெண்டு பாத்துக்கொண்டு நிக்கிறாள்.”