காலி டப்பா

“டப்பா இன்னும் காலியாத்தான் இருக்குதுங்கண்ணா. பத்தரை பஸ்ஸுல ஐஸ் பெட்டிய ஏத்தணும்” என்றாள் கவிப்பிரியா. முதுகுத்தண்டு அடிபட்டவர்களின் குடல் கிருமிகளை ஆராயும் குழுவிலிருந்து காரிமங்கலம் வந்திருந்தாள்.

மாதேஷ் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

“என்னால முடியாதும்மா. மலத்த டப்பாவுல போட்டு ஒரு பொண்ணு கையில குடுக்கறதா? மானம் போயிரும்.”

“எனக்கு வேலையே இதுதாங்கண்ணா. டெம்போ கவுந்ததுல இருந்து மலச்சிக்கல், வயித்து உப்புசம்னு மூணு வருஷமா இந்த வூடு படற பாட்டுக்கு ஒரு வழி கெடைக்கலாம். இன்னிக்கு விட்டா ஆராய்ச்சி லிஸ்ட்டுல இருந்து பேரை எடுத்துருவாங்க.”

“எடுக்கட்டும். நீ கெளம்பு.”

உள்ளறையிலிருந்து சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது. மாதேஷ் சட்டென்று எழுந்து நின்றான்.

சக்கர நாற்காலியில் வந்த அவன் மனைவி சோபனா, மடியில் இருந்த தன் டப்பாவைக் கவிப்பிரியாவிடம் நீட்டினாள்.

“என்னுது காலையிலயே தயார். ஆனா ஒரே வூட்டுச் சோறு திங்கற, நல்லா நடக்கற ஆளோடதும் வேணுமாம். ரெண்டையும் ஒத்துப் பார்த்தாத்தான் எனக்கு என்ன கோளாறுன்னு தெரியுமாம்.”

“எனக்குக் கூச்சமா இருக்குது சோபனா...”

“தெனமும் கிளவுஸ் மாட்டி எனக்கு எடுத்து விடறது நீங்கதான். எனக்குக் கூசுமான்னு ஒரு நாளாச்சும் கேட்டிருக்கீங்களா?”

மாதேஷ் காலி டப்பாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தான்.