பச்சை காயும் முன்

காகிதத் துண்டு பழுப்பாகிவிட்டது.

வெள்ளையாகவே இருந்தால் குடிக்கலாம். மஞ்சளானால் யோசிக்க வேண்டும். இதுவோ அடிப்பிடித்த வெல்லப்பாகு மாதிரி இருந்தது.

அவன் அதை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருக்கிறதா என்று சோதித்து, அடிபம்புக்கு நிறம் பூசுவது அவன் வேலை. ஆர்சனிக் என்ற சொல் யார் வாயிலும் நுழையவில்லை, விஷம் என்றார்கள். அவனைப் பெயிண்டர் என்றார்கள். சிவப்பு பூசினால் துவைக்க, குளிக்க மட்டும். பச்சை பூசினால் குடிக்கலாம்.

சுற்றுவட்டாரத்தில் எல்லாப் பம்பையும் முடித்தாயிற்று. பன்னிரண்டு லைன் வீடுகளுக்கும் பொதுவான இந்த ஒன்றைத்தான் ஏதேதோ சாக்குச் சொல்லிக் கடைசிக்குத் தள்ளியிருந்தான்.

குடங்களோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். சோதனை முடியும்வரை குடிதண்ணீருக்குப் பள்ளிக்கூடத்துப் பச்சைப் பம்புவரை நடந்து நடந்து இடுப்பு ஒடிந்தவர்கள். இவன் தூரிகையைத் தொடுவதற்குள் பிளாஸ்டிக் குடமே துருப்பிடித்துவிடும் என்று ஒருத்தி சொல்ல, வரிசையே சிரித்தது.

யாரும் காகிதத்தைக் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் பூசினால் சரியாகத்தான் இருக்கும்.

வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து தோளில் கை போட்டார். அவருடைய மாடிப்படியில் ஒருவன் தண்ணீர் கேனைத் தோளில் வைத்து ஏறிக்கொண்டிருந்தான்.

“செவப்பு அடிச்சே, நாளைக்கே பன்னண்டு வீடும் காலி. பச்சை அடிச்சப்புறம் ஒரு கொடம் பள்ளிக்கூடத்துப் பம்புக்குப் போனாலும் காலி. ஒனக்கு நான் சொல்லித்தான் தெரியணுமா?”

நலம் விசாரிப்பவர் போலச் சிரித்த முகத்தோடு, காதோடு சொன்னார்.

அவன் சிவப்பு டப்பாவின் மூடியைத்தான் முதலில் நெம்பினான்.

பன்னிரண்டு கதவுகளையும் ஒரு தடவை பார்த்தான். கொடிகளில் பிள்ளைகளின் சட்டைகள். வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பாகிப்போன காலம். பெட்டியும் பிள்ளையுமாக எங்கே போய் நிற்பது?

மூடியைத் திரும்ப அழுத்தினான். இன்னொரு டப்பாவை எடுத்தான்.

தூரிகை பம்பின் மூக்கில் ஏறி இறங்கியது. முதல் கோடு பச்சையாக விழுந்ததுமே வரிசை கலைந்தது. அப்பாடா என்று ஒருத்தி குடத்தைத் தட்டினாள். வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மூன்றாவதாக நின்றவள், இடுப்பில் குழந்தையோடு, முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். பெயிண்ட் காயட்டும் என்று மற்றவர்கள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. ஒரு கையாலேயே பம்பை அடித்து, எவர்சில்வர் டம்ளரை வழிய வழிய நிரப்பி அவனிடம் நீட்டினாள்.

“இந்தாங்க. நீங்கதான மொதல்ல குடிக்கணும்.”

அவன் வாங்கவில்லை. அவளே அவன் கையில் திணித்தாள். பிறகு, தினமும் சாயங்காலம் அவன் வீடு திரும்பியதும் செய்வதுபோல, முழங்கையில் ஒட்டியிருந்த பெயிண்டை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

குழந்தை அவள் இடுப்பிலிருந்து அவனிடம் தாவியது. டம்ளரைப் பிடித்து இழுத்தது.

“அப்பா, எனக்கு.”

அவன் டம்ளரை உயர்த்தினான். மூச்சு விடாமல், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல், அண்ணாந்து குடித்து முடித்தான்.

பிள்ளைக்கு ஒரு வாய் வைக்கத் தோன்றவில்லையா, அப்படி என்ன தாகம் என்று அவள் சிரித்தாள். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு மறுபடி பம்பை அடித்தாள்.

தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்தது.