தனித்து வாழும் பாசி

"ஒரே ஒரு பேர் இருந்தாதான் கட்டுரை எடுப்பா இருக்கும்," என்றார் பேராசிரியர், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

பக்கத்தில் நின்றிருந்த அவர் மனைவி, கழுவிய குடுவையை மேசையில் வைத்தாள்.

அதே ஆய்வகத்தில்தான் அவளுக்கும் வேலை. அவர் படித்ததையெல்லாம் அவளும் படித்தவள். ஆனால் அவருடைய கட்டுரைகளில் அவள் பெயர் கடைசிப் பக்கத்தில்தான் வரும். குளிர்பெட்டி இரவல் கொடுத்த பக்கத்து ஆய்வகத்துக்கு நன்றி, அதற்கு அடுத்த வரியில் அவளுக்கு நன்றி.

இந்த முறை வாய்விட்டே கேட்டிருந்தாள். வேறொரு கல்லூரியில் இடம் காலியாக இருந்தது. கட்டுரையில் பெயர் இருந்தால் வேலை கிடைத்துவிடும். இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை இவருடைய குடுவைகளைக் கழுவிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கட்டுரை லேசுப்பட்டதல்ல. குடுவையில் வளரும் அந்தப் பச்சை நுண்பாசிக்கு பி12 வைட்டமின் இல்லாமல் முடியாது. தானாகச் செய்துகொள்ளவும் தெரியாது. கூட ஒண்டியிருக்கும் பாக்டீரியாக்கள் செய்து கொடுக்கும். பதிலுக்குப் பாசி அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கும். இப்படித்தான் அங்கே குடித்தனம் நடக்கிறது என்று மற்றவர்கள் எழுதி வைத்திருந்தார்கள்.

பேராசிரியருக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. சொந்தக் காலில் நிற்கும் பாசியை உண்டாக்கிக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பினார். மருந்து ஊற்றி, ஒரு பாக்டீரியா விடாமல் ஒழித்தார்.

சொந்தக் காலில் நிற்பதைப் பற்றி அவருக்குத் தெரியாததா? அவருடைய சட்டை தானே இஸ்திரி ஆகிக்கொள்ளும். மூக்குக் கண்ணாடி தானே வந்து மேசையில் உட்கார்ந்துகொள்ளும். இந்தக் கட்டுரையின் வரைபடங்கள்கூடத் தம்மைத் தாமே வரைந்துகொண்டவைதான்.

ஆரம்பத்தில் குடுவைகள் ஒவ்வொன்றாக மஞ்சளித்துச் செத்தன. அவர் சோற்றைத் தொடவில்லை. ஒரு சாயங்காலம் ஆய்வகத்திலேயே குழந்தை மாதிரி தேம்பி அழுதார்.

அதன் பிறகு மிஞ்சியிருந்த ஒரே குடுவை மெல்லத் தேறியது. பச்சை பிடித்து, ஜம்மென்று வளர்ந்தது. தன் பிடிவாதத்துக்குப் பாசியே பணிந்துவிட்டது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். அந்தக் குடுவையை மறுபடி நுண்ணோக்கியில் பார்க்கவில்லை. சுத்தமென்று ஒருதரம் முடிவு செய்த பிறகு பார்ப்பது தன்னையே சந்தேகப்படுவது அல்லவா?

இப்போது ஆய்வு இதழ்க்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். பாசியையும் உயிரோடு அனுப்ப வேண்டும். அதில் பாக்டீரியா இல்லையென்று அவர்கள் சோதித்துப் பார்த்த பிறகுதான் கட்டுரை வெளிவரும்.

"கடைசியா ஒரு தடவை கேக்கறேங்க. என் பேரையும் போடுங்க. அனுப்பறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் உக்காந்து ஒரு விஷயம் பேசணும்."

"பேர்ல என்னம்மா இருக்கு? நீ வேற, நான் வேறயா?" என்று சிரித்தார்.

அவள் பாசிக் குடுவையைக் கையில் எடுத்தாள். "சரிங்க. உங்க பேர் மட்டுமே இருக்கட்டும்."

இவ்வளவு சுலபத்தில் இறங்கி வருவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மனசு மாறிவிடப் போகிறாளே என்று அவசரமாகப் பொத்தானை அழுத்தி, கட்டுரையை அனுப்பிவிட்டு, டீ குடிக்கப் போனார்.

அவள் பாசியைச் சிறு குழாயில் ஊற்றினாள். ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். பச்சை உயிரணு ஒவ்வொன்றையும் சுற்றிப் பொடிப் பொடியாகப் பாக்டீரியாக்கள் ஓடியாடிக்கொண்டிருந்தன. எல்லோரும் சௌக்கியம்.

குடுவைகள் செத்துக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலம் அவர் அழுததை அவளால் பொறுக்க முடியவில்லை. முகம் கழுவ அவர் எழுந்து போன நேரத்தில், சுத்தம் செய்யாத பழைய குடுவையிலிருந்து ஒரே ஒரு சொட்டு எடுத்து, மிஞ்சியிருந்த கடைசிக் குடுவையில் விட்டாள். பிறகு எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்தாள். அவர் ஒவ்வொரு முறையும் தன் பிடிவாதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

குழாயை இறுக்கி மூடி, பொட்டலம் கட்டினாள். அனுப்புநர் என்ற இடத்தில் அவர் பெயரை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதினாள்.