பத்தாவது ஆள்

நொச்சியேந்தல் எல்லைப் பலகையில் மக்கள்தொகை இரண்டு. ஓடைக்கு அந்தப் பக்கம் கள்ளியேந்தல் பலகையில் எட்டு. யார் ஓடையைத் தாண்டினாலும் இரண்டு எண்களும் உடனே மாறும். மாலை ஆறு மணிக்கு நிற்கும் எண்தான் அரசாங்கக் கணக்கு. பத்து வந்தால் ஊருக்குப் பஸ் விடுவார்கள். பூஜ்யம் வந்தால் ஊர்ப்பெயரையே எடுத்துவிடுவார்கள்.

அந்த எட்டைப் பார்த்தாலே உலகம்மாளுக்கு வயிறு எரியும். தினமும் நாலு மணிக்கு அது ஒன்பதாகும்போது இன்னும் எரியும். அவள் புருஷன் சீனிச்சாமி டீ குடிக்கப் போயிருப்பான். அங்கே டீக்கடை வைத்திருப்பவள் அழகுராணி.

"நான் போடுற டீ தொண்டையில எறங்காதோ?" என்றால், "அங்க பேச ஆளிருக்கு" என்பான்.

எப்படியும் ஐந்தரைக்குத் திரும்பிவிடுவான். இன்று ஐந்து ஐம்பதாகியும் நொச்சியேந்தல் பலகையில் ஒன்றே நின்றது. உலகம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கினாள். திட்ட வேண்டியதையெல்லாம் வழியிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பெஞ்சில் சீனிச்சாமி உட்கார்ந்திருந்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் கடை வாசலில் எல்லோரும் கைதட்டினார்கள்.

"வாங்க மதினி," என்று அழகுராணி டம்ளரை நீட்டினாள். "அண்ணன எந்திரிக்க விடாம வச்சிருந்தா நீங்க கண்டிப்பா வருவீங்கன்னு தெரியும். மணி ஆறாச்சு. எங்களுக்குப் பஸ் வந்துரும்."

உலகம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஓடைக்கு அக்கரையில் நொச்சியேந்தல் பலகையில் முதலில் எண் அணைந்தது. பிறகு பெயர்.