நாலு நிமிட வள்ளல்

"கண்ணு தெரியாதவங்க பாக்கெட்டுல கை விடறியே, உனக்கெல்லாம் சோறு இறங்குதா?"

மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்பு அடங்கும் முன்பே சோபாக்கடை முதலாளி கத்த ஆரம்பித்துவிட்டார். பின்னால் ஃபைலும் தண்ணீர் பாட்டிலுமாக அவருடைய மேனேஜர்.

அந்த ஒற்றை அறையில் இருந்தது புருஷனும் பெண்டாட்டியும்தான். பார்வையில்லாதவர்கள் போனில் விளையாடுவதற்கு விளையாட்டு செய்கிறவன் அவன். அதில் படமே கிடையாது. காதால் கேட்டுத்தான் ஆட வேண்டும். காவலாளியின் செருப்புச் சத்தம் இடது காதில் வந்தால் வலது பக்கம் ஓட வேண்டும். பிடிபட்டால் மறுபடி முதலிலிருந்து. செருப்பு, கதவு, நாய் என்று எல்லாச் சத்தத்தையும் பதிவு செய்கிறவள் அவள்.

இரண்டு வருட உழைப்பு. விற்றது முப்பத்தொன்று. ஓட்டிக்கொண்டிருந்த பைக்கையும் விற்றாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் இந்த வள்ளல் வந்து சேர்ந்தார்.

"எல்லாருக்கும் இலவசமாக் குடு. செலவு என்னோடது. ஆரம்பத்துல என் போட்டோ வரணும்."

"சார், இதுல படமே கிடையாது. விளையாடறவங்களுக்குப் பார்வை இல்ல."

"அப்புறம் நான்தான் குடுத்தேன்னு அவங்களுக்கு எப்படிய்யா தெரியும்?"

போட்டோ போய்ப் பேச்சாயிற்று. முழுசாக நாலு நிமிடம். கேட்கிறவர்கள் நடுவில் தாண்டிப் போக வழியே இருக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் தனியாக ஒரு வரி. மேடையில் ஆளுயர அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அட்டையில் இருந்த தொகையில் பாங்குக்கு வந்து விழுந்தது பத்தில் ஒரு பங்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அது நடந்து ஆறு மாதம் ஆகிறது. இன்றைக்குத்தான் மறுபடி படியேறி வந்திருக்கிறார்.

"நான் இலவசமாக் குடுத்ததை நீ விலைக்கு விக்கிறியாமே! மேனேஜர், படிய்யா."

"போன மாசம் மட்டும் இருநூத்தி நாப்பது பேர் வாங்கியிருக்காங்க சார்."

"இலவசமும் அப்படியேதான் சார் இருக்கு. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். நாங்க எதையும் மறைக்கல" என்றான் அவன்.

"இலவசமாக் கிடைக்கறதைக் காசு குடுத்து வாங்க அவங்களுக்கு என்ன பைத்தியமா? விலைக்கு விக்கிறதுல என்னத்தைக் கூடுதலா வெச்சிருக்க?"

"கூடுதலா ஒண்ணுமே இல்ல சார். சத்தியமா."

மனைவி தலையைக் குனிந்துகொண்டு, ஹெட்போன் ஒயரில் இல்லாத சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"திருட்டு முழி முழிக்கிறீங்க ரெண்டு பேரும். நாளைக்கே பேப்பர்ல வர வைக்கிறேன். 'பார்வையற்றோரை ஏமாற்றும் தம்பதி'ன்னு. மேனேஜர், குறிச்சுக்கோ."

மேனேஜர் குறித்துக்கொண்டார். அவன் முகம் வெளுத்துப்போயிற்று. இரண்டாம் பாகம் பாதியில் நிற்கிறது. பேப்பரில் பெயர் வந்தால் அறையைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

வாசலில் கைத்தடி தட்டும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கிற பெண்.

"அக்கா, இருக்கீங்களா? பணம் கொண்டாந்துட்டேன். அந்த விலைக்கு உள்ளதை என் போன்ல ஏத்திக் குடுங்க."

முதலாளி துள்ளி எழுந்தார்.

"குடுக்காதேம்மா! பத்துப் பைசா குடுக்காதே! இது உங்களுக்கெல்லாம் நான் இலவசமாக் குடுத்தது!"

அவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். குரல் வந்த பக்கம் காதைத் திருப்பினாள். பிறகு, பாடம் ஒப்பிப்பதுபோல் கடகடவென்று சொன்னாள்:

"என் அன்புச் செல்வங்களே! இருளில் வாடும் உங்கள் வாழ்வில் ஒளியேற்ற, என் நாற்பதாண்டு வியாபார வாழ்க்கையில், ம்க்கும், நான் சேர்த்த செல்வத்தை... அவர்தானே சார் நீங்க?"

முதலாளியின் முகம் பூரித்துவிட்டது.

"பாத்தியாய்யா மேனேஜர்! இருமல் வரைக்கும் மனப்பாடம்!"

"ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கேட்டுடுவேன் சார். காவலாளிகிட்ட மாட்டிக்கிட்டா மறுபடி நீங்கதானே வர்றீங்க."

"இருபது தடவை! என் பெத்த பிள்ளைங்க ஒரு தடவை கேட்டிருக்காங்களா?" முதலாளிக்குக் குரல் தழுதழுத்தது. "ரசிக்கத் தெரிஞ்ச ஜனங்கய்யா இவங்க. சரி, பேப்பர் வேண்டாம், குறிச்சதை அடிச்சுடு. இந்தப் பய பொழைச்சுப் போகட்டும்."

புருஷனும் பெண்டாட்டியும் மூச்சு விட்டார்கள்.

"தம்பி, நாலு நிமிஷம் பத்தல. எங்க அப்பா கஷ்டப்பட்டதெல்லாம் விட்டுப்போச்சு. மைக்கை எடு. இன்னைக்கே பேசிடறேன். எட்டு நிமிஷமா ஆக்கிடு."

மனைவி மைக்கை எடுக்க ஓடிய வேகத்தில் ஸ்டூல் உருண்டது.

மூலையில் பழைய கம்பளிகள் அடித்த சின்னப் பதிவு அறை. வள்ளல் உள்ளே போனார். தண்ணீர் பாட்டிலோடு மேனேஜரும் போனார். கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது மட்டும் தெரிந்தது. வெளியே சத்தமே இல்லை.

ஆபரேட்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, நிஜமாவே எட்டு நிமிஷமா?"

"ஆமாம்மா. நாளையிலேர்ந்து."

அவள் கைப்பையைத் திறந்தாள்.

"அப்ப எனக்கு மட்டும் போட்டா பத்தாது. எங்க ஹாஸ்டல்ல இருக்கற பதினேழு பேருக்கும் சேர்த்து எழுதிக்குங்க. அவர் பேச்சு இல்லாததா!"